அரசாங்க மருத்துவமனையில் ஓகேயு நோயாளிக்கு உரியதைக் கேட்டுப் பெறுவது எப்படி: பினாங்குக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், காது கேளாதவர், பேச்சு வராதவர், கற்றல் குறைபாடு உள்ளவர், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்: ஓகேயு, அதாவது மாற்றுத்திறனாளி, என்று சொல்லப்படும் இவர்களில் ஒருவரைப் பினாங்கில் உள்ள அரசாங்க மருத்துவமனைக்கோ கிளினிக் கெசிஹாத்தானுக்கோ (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) கூட்டிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளி தனியாகப் போனாலும் இதே வரிசைதான்.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள், அதாவது கவுண்டரில் சண்டை போடுவதில். கணினியில் நோயாளியின் தேவையைப் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது, கவுண்டரில் இருப்பவர் “எனக்குத் தெரியாதே” என்று சொன்னால் அது பொய்யல்ல. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685-ஆவது சட்டம், மற்றவர்களுக்குச் சமமாகச் சுகாதாரச் சேவை பெறும் உரிமையைத் தந்தது. ஆனால் மீறினால் தண்டனை என்று அதில் பிரிவு எதுவும் வைக்கப்படவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் என்று பட்டியல் போடுகிறது. உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சட்டப் பிரிவைச் சொல்லி மிரட்டுவதால் பெரிய பலன் இருக்காது. தேவையை முன்கூட்டியே எழுத்தில் ஏற்றிவிடுவதுதான் வேலைக்கு ஆகும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் கையில் இருக்கவேண்டியவை

நோயாளியின் ஐசி, அதன் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படம், பழைய அப்பாயின்மென்ட் கார்டு, வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த சுருக்கம், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள். மருந்துப் பட்டியல் எழுத நேரமில்லை என்றால் மருந்துப் பாக்கெட்டுகளின் மேல் ஒட்டிய லேபிளைப் படம் பிடித்து வைத்தாலும் போதும்.

1. நோயை விட்டுவிட்டு, தேவையை எழுதுங்கள்

“அப்பாவுக்கு ஸ்ட்ரோக்” என்று மட்டும் சொன்னால் கவுண்டரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. “அப்பாவை வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும்” என்றால் தெரியும். நோயின் பெயர் டாக்டருக்கு. மற்ற எல்லாருக்கும் தேவைதான்.

வீட்டிலேயே உட்கார்ந்து யோசியுங்கள். எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கழிப்பறைக்கு எத்தனை மணிக்கு ஒருமுறை போகவேண்டும்? பெயரைக் கூப்பிட்டால் கேட்குமா? கூட்டத்தில் பதற்றம் வருமா? நோயாளியிடமே கேளுங்கள். பிள்ளைகள் பெருமையாக “அம்மாவுக்கு எல்லாம் எனக்குத் தெரியும்” என்பார்கள். தொட்டுத் தூக்கும்போது எந்தத் தோள் வலிக்கும் என்று கேட்டால் பதில் இருக்காது.

2. ஓகேயு அட்டையை வாங்குங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். அதனால்தான் முன்னால் வைத்தேன்.

இந்த அட்டையைத் தருவது சமூகநல இலாகா, அதாவது ஜேகேஎம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வகைகள் ஏழு: செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல் குறைபாடு, மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறை. அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் விலக்கப்படும். மற்றக் குடிமக்களுக்குப் பொதுக் கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. “வெறும் 5 வெள்ளிக்காகவா இவ்வளவு அலைச்சல்?” என்று கேட்பவர்கள் உண்டு. அட்டையின் உண்மையான பயன் அந்த 5 வெள்ளி இல்லை. செயற்கைக் கால், வீல்சேர், காதுக்கருவி போன்ற உதவிகளுக்கும், ஜேகேஎம்மின் மாத உதவித்தொகைகளுக்கும், வாகனத்தில் ஒட்டும் ஓகேயு ஸ்டிக்கருக்கும் இந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.

முதலில் படிவம். ஜேகேஎம் மாவட்ட அலுவலகத்தில் கிடைக்கும். எஸ்எம்ஓகேயு என்ற இணைய முறையிலும் விண்ணப்பிக்கலாம். படிவத்தில் ஒரு பகுதியை டாக்டர் நிரப்பவேண்டும். அதற்காகத் தனியாக ஒரு நாள் போகாதீர்கள். அடுத்த அப்பாயின்மென்டுக்குப் போகும்போதே கையோடு கொண்டுபோங்கள். நோயாளியை ஏற்கெனவே பார்த்துவரும் டாக்டர் நிரப்பினால் சீக்கிரம் முடியும். புது டாக்டர் முதலிலிருந்து சோதிக்கவேண்டியிருக்கும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். மனநல வகைக்கு, குறைந்தது 2 ஆண்டு மனநலச் சிகிச்சை பெற்ற பிறகுதான் மதிப்பீடு செய்வார்கள். ஸ்ட்ரோக் வந்தவரை மறுவாரமே கொண்டுபோனால் டாக்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். பயிற்சிக்குப் பிறகு எவ்வளவு மீள்கிறது என்று பார்த்துத்தான் சொல்லமுடியும். பார்வை வகைக்குக் கண்ணாடி போட்ட பிறகும் எவ்வளவு தெரிகிறது என்பதே கணக்கு. ஆகவே பழைய கண்ணாடியோடு போகாமல், முதலில் கண்ணாடியைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். காதுக்கு, செவித்திறன் சோதனையின் தாளையும் சேர்த்து வையுங்கள்.

இந்தப் படியில் அடிக்கடி பார்க்கும் தவறுகள்: டாக்டர் கையெழுத்து இருக்கும், சாப்பு (முத்திரை) இருக்காது. கவுண்டரை விட்டு நகரும் முன் சாப்பைத் தேடிப் பாருங்கள். அடுத்தது, தவறான மாவட்ட அலுவலகம். பினாங்கில் மாவட்டங்கள் 5. பிறையிலும் செபராங் ஜெயாவிலும் இருப்பவர்கள் பக்கத்தில்தானே என்று பட்டர்வொர்த்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுடையது செபராங் பிறை தெங்கா மாவட்டம். பட்டர்வொர்த்துக்காரர்கள் செபராங் பிறை உத்தாரா. குடியிருக்கும் மாவட்டத்தில்தான் கொடுக்கவேண்டும்.

“அட்டை எடுத்தால் நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது” என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். பதிவு கட்டாயமில்லை, உண்மைதான். ஆனால் அட்டையை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். யாரிடம் காட்டுவது, யாரிடம் காட்டாமல் இருப்பது என்பது ஒவ்வொரு தடவையும் உங்கள் கையில். தேவைப்படும் நாளில் அட்டை இல்லாமல் இருப்பதுதான் சிக்கல்.

அட்டை வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. வீல்சேர் கேட்பதற்கோ, எழுதிக் காட்டச் சொல்வதற்கோ அட்டை தேவையில்லை. அடுத்த படிக்குப் போங்கள்.

3. ஒரு பக்கத் தாள் தயாரிக்கவும்

ஏ4 தாள், பெரிய எழுத்து, மலாயில், ரூமி எழுத்தில். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள். நான்கு நகல் எடுங்கள்: பதிவுக் கவுண்டருக்கு, மிஸ்ஸிக்கு (தாதிக்கு), மருந்துக் கவுண்டருக்கு, ஒன்று உங்களுக்கு.

காது கேளாதவருக்கு முதல் வரி: “சாயா பெக்காக். தோலோங் தூலிஸ்.” (எனக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டுங்கள்.) அடுத்த வரியில், பெயரைக் கூப்பிடாமல் அருகில் வந்து கையசைக்கும்படி கேளுங்கள். கண் தெரியாதவருக்கு: “சாயா தீடாக் நம்பாக்.” (எனக்குக் கண் தெரியாது.) அடுத்து, நம்பர் திரையைப் பார்க்க முடியாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும், கையைப் பிடித்து இழுக்காமல் முழங்கையைக் கொடுக்கவும் என்று எழுதுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, சத்தமில்லாத இடத்தில் காத்திருப்போம், முறை வரும்போது இந்தக் கைப்பேசி எண்ணுக்கு அழைக்கவும் என்று ஒரு வரி.

மனநோய்க்கு மருந்து எடுப்பவரின் தாளில் நோயின் பெயரைப் போடவேண்டாம். “கூட்டத்தில் அதிக நேரம் இருக்க முடியாது, வெளியே நிற்பார்” என்பது போதும். அந்தத் தாள் பல கை மாறும்.

தமிழ் மட்டும் பேசும் பாட்டி தாத்தாவுக்கும் இந்தத் தாள் உதவும். “தமிழ் மட்டும் பேசுவார்” என்று மேலே எழுதுங்கள். கடையில் சாமான் வாங்கும் மலாய் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். “வெறும் வயிற்றில்”, “பாதி மாத்திரை”, “மயக்கம் வந்தால் நிறுத்து” என்பதெல்லாம் வேறு மலாய்.

4. அப்பாயின்மென்ட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்

கிளினிக் கெசிஹாத்தானுக்கு மைசெஜாத்ரா செயலியில் நேரம் எடுக்கலாம். நேரம் கிடைத்தவுடன் அதோடு விடாமல், கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுத் தேவையைச் சொல்லுங்கள். மருத்துவமனை நிபுணர் கிளினிக் என்றால், இந்தத் தடவை பார்த்து முடித்து அடுத்த தேதி கொடுக்கும்போது, தாளைக் கொடுத்துப் பைலில் குறிக்கச் சொல்லுங்கள்: “மிஸ்ஸி, அடுத்த தடவைக்கு இதை நோட்டில் போட்டுடுங்க, மெஷின்ல இறக்குற படுக்கை இருக்குற ரூமாப் பாத்துக் குடுங்க.”

காரணம் எளிது. அன்றைக்கே வந்து கேட்டால், இருக்கும் ஆளை வைத்துத்தான் செய்யமுடியும். ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் அறையை மாற்றலாம், இன்னொரு அட்டெண்டனைப் போடலாம்.

நேரத்தையும் கேட்டுப் பெறுங்கள். படுக்கையிலிருந்து எழுப்பி, கழுவி, உடுத்தி, காரில் ஏற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும் ஒருவருக்குக் காலை 8 மணி என்பது அப்பாயின்மென்ட் இல்லை, தண்டனை. 10 மணிக்கு மேல் கேளுங்கள். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை மட்டும் விதிவிலக்கு. அதை வேறொரு நாளில் பக்கத்துக் கிளினிக்கில் எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

5. வழியையும் வாசலையும் முந்தைய நாளே முடிவு செய்யுங்கள்

பெருநிலத்திலிருந்து ஜார்ஜ்டவுன் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பாலத்து நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். பட்டர்வொர்த் பெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை. நடந்து வருகிறவர்களும் மோட்டார்சைக்கிளும்தான். உங்களுக்கு வேண்டிய நிபுணர் கிளினிக் செபராங் ஜெயா மருத்துவமனையிலும் இருந்தால், அங்கே மாற்றித் தரமுடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

காரை நிறுத்த இடம் தேடுவதற்கு முன், நோயாளியை வாசலில் இறக்கிவிடுங்கள். அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். வாசலில் வீல்சேர் இரவல் கேட்டால் ஐசியை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு; உங்கள் ஐசியைக் கொடுங்கள், நோயாளியின் ஐசி பதிவுக்கு வேண்டும்.

வந்ததும் முதல் வேலை, ஓகேயு கழிப்பறை எங்கே, அது திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. கட்டடத்தில் ஒன்று இருக்கும். உள்ளே வாளியும் துடைப்பமும் அடுக்கி, வெளியே பூட்டுப் போட்டிருப்பதும் உண்டு. அவசரம் வந்த பிறகு சாவி தேடி ஓடமுடியாது. இப்போதே சொல்லித் திறக்கவையுங்கள்.

6. பதிவுக் கவுண்டரில்

நம்பர் எடுக்கும் முன் ஓகேயுவுக்கும் முதியவர்களுக்கும் தனிக் கவுண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே. இல்லையென்றால் அட்டையையும் தாளையும் காட்டி, முன்னுரிமை நம்பர் கேளுங்கள். குரல் உயர்த்தவேண்டாம்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாரும் மூன்று மணி நேரம் காத்திருக்கும் இடத்தில் நீங்களும் காத்திருப்பது பாகுபாடு இல்லை. பெயர் கூப்பிட்டது கேட்காத காரணத்தால் உங்கள் முறை தாண்டிப் போய், மறுபடியும் கடைசியில் நிற்கச் சொன்னால், அது பாகுபாடு. இரண்டையும் கலந்து கத்தினால் இரண்டாவதும் எடுபடாது.

அவசரப் பிரிவில் ஓகேயு அட்டைக்கு முன்னுரிமை இல்லை. அங்கே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயின் கடுமைதான் வரிசை. பச்சையில் போட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பேச முடியாதவரின் வலியைக் குறைத்து மதிப்பிட்டுப் பச்சையில் போட்டுவிடும் ஆபத்து உண்டு. “வழக்கமா இப்படி இருக்கமாட்டார், காலையிலிருந்து சாப்பிடல, தொட்டா அழுறார்” என்று, எது மாறியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

7. டாக்டர் அறையில்

டாக்டர் உங்களைப் பார்த்து “இவர் சாப்பிட்டாரா?” என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்லாமல் நோயாளியின் பக்கம் திரும்புங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் டாக்டரும் அவரிடமே கேட்கத் தொடங்குவார். நான் பார்த்தவரை, இதற்கு நன்றாக வேலை செய்யும் வழி இதுதான். உரிமை பற்றிப் பாடம் எடுத்தால் அறையே இறுகிப்போகும்.

மொழிபெயர்ப்புக்குப் பத்து வயதுப் பேரனை வைக்காதீர்கள். பாட்டி அவனிடம் மாதவிடாய், மலம், தற்கொலை எண்ணம் எதையும் சொல்லமாட்டார். தமிழ் பேசும் மிஸ்ஸி யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஐந்து நிமிடம் அவரைக் கேளுங்கள். காது கேளாதவருக்கு மலேசிய சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமென்றால், காதுகேளாதோர் சங்கத்தின் மூலமோ மருத்துவமனையின் மருத்துவ சமூகப்பணிப் பிரிவின் மூலமோ சில வாரங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்யவேண்டும். அன்றைக்குக் கிடைக்காது.

அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் தாள் வந்தால், 18 வயது நிரம்பி, விஷயம் புரிகிற நோயாளி தானே கையெழுத்தோ கைரேகையோ வைக்கவேண்டும். கண் தெரியாது, பேச வராது என்பதற்காக மகனிடம் தாளை நீட்டினால், “முதல்ல அவருக்குப் படிச்சுக் காட்டுங்க டாக்டர்” என்று சொல்லுங்கள். படித்துக் காட்டியவரின் பெயரையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் கேள்வி வந்தால் அந்தப் பெயர்தான் சாட்சி.

யார் கண்ணிலும் படாமல் தப்பிப்போகும் பாகுபாடு ஒன்று இருக்கிறது: செய்யாமல் விட்ட சோதனை. வீல்சேரில் வருகிறவரின் எடையை வருடக்கணக்கில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். நிற்கச் சொல்லும் தராசில் அவரால் நிற்க முடியாது என்பதால் பழைய எண்ணையே திரும்ப எழுதுவார்கள். சில மருந்துகளின் அளவு எடையைப் பொறுத்தது. மறுவாழ்வுப் பிரிவிலோ டயாலிசிஸ் பிரிவிலோ வீல்சேரோடு ஏற்றும் தராசு இருக்கலாம். சேரோடு நிறுத்து, பிறகு வெறும் சேரை நிறுத்துக் கழித்தால் போதும். கேட்டுச் செய்யவையுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. கட்டிலில் ஏற முடியாது என்பதால் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையை “பரவாயில்ல, விட்டுடலாம்” என்பார்கள். நோய் அப்படி விட்டுவிடாது. தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்பிவி சோதனை கிளினிக் கெசிஹாத்தான்களில் வந்திருக்கிறது; உங்கள் கிளினிக்கில் உண்டா என்று கேளுங்கள்.

8. மருந்துக் கவுண்டரில்

லேபிள் மலாயில், சின்ன எழுத்தில் இருக்கும். கண் தெரியாதவருக்கு எல்லாப் பாக்கெட்டும் ஒன்றுதான். மருந்தாளுநர் ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்கும்போதே அடையாளம் போட்டுவிடுங்கள்: காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு, தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடுவதற்கு மூடியின் மேல் டேப். வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்று கிளம்பினால் வழியில் எல்லாம் ஒரே பையில் கலந்துவிடும்.

மாதாமாதம் மருந்துக்காக மட்டும் நோயாளியை இழுத்து வராதீர்கள். தொடர் மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவை உண்டு. தபால் செலவு நம்முடையது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மீதி மருந்தை வாங்கும் முறையும் உண்டு, அதை எஸ்பியூபி என்பார்கள். இரண்டுமே கேட்டால்தான் கிடைக்கும்.

9. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு

கிளினிக் கெசிஹாத்தானின் வீட்டுப் பராமரிப்புக் குழு, டொமிசிலியாரி என்று சொன்னால் தெரியும், வீட்டுக்கே வந்து புண் கட்டுவது, குழாய் மாற்றுவது, உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது போன்றவற்றைச் செய்கிறது. நோயாளியின் நிலை சீராக இருக்கவேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கவேண்டும். வார்டிலிருந்து வெளியே வரும் முன்பே டாக்டரிடம் இதற்குக் கடிதம் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால், கடிதத்துக்காகவே நோயாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போகவேண்டி வரலாம்.

10. மறுத்தால்

முதலில் அங்கேயே, அப்போதே. கவுண்டரில் இருப்பவரிடம் இரண்டாவது தடவை கேட்காமல், பொறுப்பாளர் மிஸ்ஸியைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரிடம் ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்: “சாவி வேணும்”, “பேரைத் திரும்பச் சேர்த்துக்குங்க”. “எங்களுக்கு மரியாதையே இல்ல” என்று தொடங்கினால், அவருக்குச் செய்ய எதுவும் இருக்காது.

தீரவில்லையென்றால் அதே நாளில் குறிப்பு எழுதுங்கள். தேதி, நேரம், எந்தக் கிளினிக், எந்தக் கவுண்டர், நீங்கள் கேட்டது, அவர்கள் சொன்ன பதில், இப்போது என்ன செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கடைசி வரியை எழுதாமல் விடுபவர்களே அதிகம். அது இல்லாத புகாருக்கு “வருந்துகிறோம்” என்ற கடிதம் வரும், அவ்வளவுதான். படம் எடுப்பதானால் பூட்டிய கதவை எடுங்கள். மற்ற நோயாளிகளின் முகம் விழவேண்டாம். முகநூலில் போடுவதைத் தள்ளிவையுங்கள். போட்டுவிட்டால் பேச்சு உங்கள் தேவையை விட்டு அந்தப் பதிவுக்குப் போய்விடும்.

குறிப்பை மலாயில் மருத்துவமனையின் பொதுத் தொடர்புப் பிரிவுக்கு அனுப்புங்கள், அல்லது சுகாதார அமைச்சின் சிஸ்பா புகார் முறையில் போடுங்கள். புகார் எண் வரும். அதைப் பைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்தது பொதுப் புகார் பிரிவான பிபிஏ. ஒரே மாதிரிப் புறக்கணிப்பு பலருக்கு நடக்கிறது என்று தெரிந்தால், ஒன்றாகச் சேர்ந்து மனித உரிமை ஆணையமான சுஹாக்காமுக்கு எழுதலாம். டாக்டரின் தொழில் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றம். அது வேறு பாதை, இதோடு கலக்காதீர்கள். பணமோ கருவியோ இல்லாததுதான் பிரச்சினை என்றால் புகாரே வேண்டாம், மருத்துவ சமூகப்பணிப் பிரிவுக்குப் போங்கள்.

புகார் போட்ட பிறகு, சங்கடமாக இருக்கிறது என்று அடுத்த அப்பாயின்மென்டை விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. விட்டால் புதுத் தேதி சில மாதம் தள்ளிப்போகலாம், மருந்துச் சீட்டும் அதற்குள் முடிந்துவிடும். அதே தேதியில், அதே தாளோடு போங்கள். பக்கத்தில் வேறு ஒரு சொந்தக்காரரையும் உட்காரவையுங்கள். என்ன பேசினார்கள் என்று எழுதிவைக்க ஒரு கை கூடுதலாக இருக்கும்.